கீரையா, எடையா? – மூட்டுவலிக் குறிப்புகள் பற்றி ஒரு திறனாய்வு

மூட்டுவலிக்கு வைத்தியம் சொல்லாதவர் நம்மிடையே அரிது. முடக்கறுத்தான் கீரையை அரைத்துத் தோசை வார்க்கச் சொல்வார் ஒருவர். புளியை அறவே விலக்கச் சொல்வார் மற்றொருவர். உருளைக்கிழங்கு வாயு, பருப்பு ஆகாது என்பார் இன்னொருவர். முன்பு நாளேடுகளின் இணைப்பிதழ்களில் வந்த இக்குறிப்புகள் இன்று கைப்பேசி வழியே வீடுதோறும் வருகின்றன. இவையெல்லாம் மூடத்தனம் என ஒதுக்குவதும் அறிவியல் ஆகாது. எல்லாம் முன்னோர் கண்ட உண்மை என ஏற்பதும் அறிவியல் ஆகாது. இவை எங்கே தவறுகின்றன என்பதைக் காண்பதே நம் நோக்கம்.

ஒப்பீடு எங்கே?

2006-ஆம் ஆண்டில் சிக்குன்குனியாக் காய்ச்சல் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் பரவியது. அவ்வாண்டில் மட்டும் இந்தியாவில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டது. காய்ச்சல் சில நாட்களில் இறங்கியது, மூட்டுவலியோ இறங்கவில்லை. காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்து நடந்தவர்கள் ஆளுக்கொரு பத்தியம் பிடித்தார்கள். சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், வலி குறைந்தது. கீரை தின்றவர் கீரையைப் புகழ்ந்தார். கஷாயம் குடித்தவர் கஷாயத்தைப் புகழ்ந்தார். ஒன்றும் செய்யாதவர்களில் பெரும்பாலோருக்கும் வலி குறைந்ததை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எங்கள் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. புதிய மண்கலவையைச் சோதிக்க விரும்புபவர் அதில் செய்த துண்டை மட்டும் சூளையில் வைத்துப் பயனில்லை. பழைய கலவைத் துண்டையும் அதே சூளையில், அதே சூட்டில் வைக்க வேண்டும். அப்போதுதான் மாற்றம் கலவையால் வந்ததா, சூட்டால் வந்ததா என்று தெரியும். மூட்டுவலிக் குறிப்புகளில் இல்லாதது இந்தப் பழைய துண்டுதான்.

மேல்நாட்டு மருந்துக்கும் இதே அளவுகோல்தான். மூட்டுத் தேய்மானத்துக்கென விற்கப்படும் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் ஆகியவற்றை அமெரிக்காவில் 1,583 நோயாளிகளிடம் சோதித்து, முடிவை 2006-இல் வெளியிட்டனர். ஆறு மாதத்தில், மருந்தே இல்லாத போலி மாத்திரையை விழுங்கியவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தது! குளுக்கோசமைன் உண்டவர்களிடம் இது 64. ஒப்பிட ஆள் இல்லாதிருந்தால் அந்த 64-ஐயும் மாத்திரையின் வெற்றி என்றே பறைசாற்றியிருப்பார்கள்.

ஒரு பெயர், பல நோய்கள்

அடுத்த குறை, வெவ்வேறு நோய்களை ஒரே மூட்டையாகக் கட்டுவது. முழங்காலில் குருத்தெலும்பு தேய்வது ஒன்று. இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, அதன் உப்புப் படிகங்கள் மூட்டில் சேர்வது மற்றொன்று. உடலின் தற்காப்பு ஆற்றலே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் வேறொன்று.

பருப்பை விலக்கும் அறிவுரை இரண்டாம் வகையைக் குறித்து எழுந்தது. ஆனால் அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடியது. பியூரின் நிறைந்த காய்கறிகளால் கூடவில்லை. பயறு, பருப்பு வகைகளும் இதே பட்டியலில் சேர்ந்தவை. சோற்றில் ஒரு கரண்டி சாம்பாரே புரதமாக உள்ள ஏழை வீட்டில், முழங்கால் தேய்ந்த மூதாட்டியிடம் பருப்பை நிறுத்தச் சொல்வது வலியைத் தீர்க்காது, தசையைத்தான் கரைக்கும்.

நெம்புகோல் சொல்லும் செய்தி

தேய்மான வலிக்கு உணவால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அது எந்தக் கீரை என்பதில் இல்லை. எவ்வளவு உணவு என்பதில் உள்ளது.

நடக்கும்போது உடலின் எடை முழங்கால் மூட்டின் நடுவே நேராக இறங்குவதில்லை. சற்று விலகி இறங்குவதால், தசைகள் இழுத்துப் பிடித்தே மூட்டைச் சமநிலையில் நிறுத்துகின்றன. அந்த இழுவிசையும் மூட்டின் மேல்தான் விழுகிறது. ஆகவே மூட்டு தாங்கும் சுமை உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்காகிறது. மெஸ்ஸியரும் அவர் குழுவினரும் 2005-இல் கண்ட முடிவு, எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்பது. ஐந்து கிலோ குறைத்தவர் ஒவ்வோர் அடியிலும் இருபது கிலோவை, ஏறத்தாழ ஓர் அரிசிச் சிப்பத்தை, இறக்கி வைக்கிறார்!

அதே குழுவினர் பருத்த உடலும் முழங்கால் வலியும் கொண்ட 454 பேரை 18 மாதம் கவனித்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். உணவைக் குறைத்தவர்கள், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்கள், இரண்டையும் செய்தவர்கள் என மூன்று குழுக்கள். இரண்டையும் செய்தவர்களுக்கே வலி மிகவும் குறைந்தது. இங்கே ஒப்பீடும் உண்டு, அளவும் உண்டு. ஆனால் நம் குறிப்புகளில் இது இடம்பெறுவது அபூர்வம். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளாதே, நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்கித் தொடைத் தசையை வலுவாக்கு என்பதில் புதுமை ஏது? விற்க எதுவும் இல்லாத அறிவுரைக்கு விளம்பரம் குறைவுதான்.

காலம் தாழ்த்துவதன் விலை

முடக்கறுத்தானில் வீக்கத்தைத் தணிக்கும் பொருள்கள் உள்ளனவா என்பதை விலங்குகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். மனிதரில் பெரிய அளவிலான ஒப்பீட்டுச் சோதனை நடக்கும்வரை அது நல்ல கீரை, அவ்வளவே. தோசையாக உண்பதில் கேடில்லை. கேடு, அதை நம்பிக் காத்திருப்பதில் உள்ளது.

இரு கை விரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் அரைமணி, ஒருமணி நேரம் விறைப்பு நீங்காதிருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். இந்நோயில் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே எலும்பு அரிக்கப்படத் தொடங்கிவிடும். அரித்த எலும்பு மீள்வதில்லை. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை மருத்துவர் கண்காணிப்பில் காலத்தே உண்டால் பெரும்பாலும் இதைத் தடுக்கலாம். ‘ஒரே வாரத்தில் குணம்’ எனப் பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததும் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. வலி உடனே மறையும். நோயோ உள்ளே வளரும்.

ஆகவே, வாசகர்களே, அடுத்த மூட்டுவலிக் குறிப்பு உங்கள் கைக்கு வரும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். எந்த மூட்டு நோய்க்கு? எதனோடு ஒப்பிட்டு? எவ்வளவு குறைந்தது? மூன்றுக்கும் விடையில்லாத குறிப்பைச் சமையற்கட்டில் வைத்துக்கொள்ளலாம். மருந்துப் பெட்டியில் வைக்க வேண்டாம்.