புவி மேலோட்டின் மின்கடத்துதிறன் மாதிரிகள்: ஒரு திறனாய்வு

முன்னுரை

நிலைபெற்ற கண்டப் பகுதிகள் பலவற்றின் கீழ் மேலோடு, ஆய்வகத்தில் உலர்ந்த பாறைகள் காட்டும் அளவைவிடப் பல மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகிறது. இதற்கு உவர்நீர் காரணமா, கிராஃபைட் காரணமா என்னும் வினா நெடுங்காலமாகத் தொடர்கிறது. நீர் உண்டெனில் பாறையின் வலிமை குறையும். நிலநடுக்கம் பற்றிய விளக்கமும் மாறும். ஆகவே மாதிரிகளின் எடுகோள்களைச் சீர்தூக்கிப் பார்ப்பது இன்றியமையாதது.

ஆர்ச்சி விதியும் அதன் எல்லையும்

மாதிரிகள் பலவற்றுக்கு அடிப்படை, 1942இல் ஆர்ச்சி வெளியிட்ட விதியாகும். துளைமையை ஓர் அடுக்கெண்ணுக்கு உயர்த்தித் துளைநீரின் கடத்துதிறனால் பெருக்கினால் பாறையின் கடத்துதிறன் கிடைக்கும் என்பது அது. எண்ணெய் தாங்கும் மணற்பாறைகளுக்காக வகுக்கப்பட்ட இவ்விதி, பாறைத் துகள்கள் மின்சாரத்தைக் கடத்தா எனக் கொள்கிறது. அங்கு அடுக்கெண் ஏறத்தாழ 2 ஆகும்.

நீரின் கடத்துதிறன் மீட்டருக்கு 10 சீமென்ஸ், துளைமை 1 விழுக்காடு எனக் கொண்டால், அடுக்கெண் 2 ஆகும்போது பாறையின் கடத்துதிறன் 0.001, 1 ஆகும்போது 0.1. நீரின் அளவு மாறாதிருக்கவும் விடை நூறு மடங்கு வேறுபடுகிறது. நீர் எந்த அளவு தொடர்புற்றுப் பரவியுள்ளது என்பதையே இவ்வெண் குறிக்கிறது. எனவே ஆழத்து நீரின் அளவு பற்றிய முடிவு, அளவீட்டைப் போலவே தேர்ந்துகொண்ட அடுக்கெண்ணையும் சார்ந்தது.

க்ளோவர், ஹோல், பௌஸ் ஆகியோர் 2000இல் இவ்விதியைக் கடத்தும் இரு கூறுகளுக்கு விரிவாக்கினர். ஒரு கூற்றின் தொடர்புநிலை மற்றதன் தொடர்புநிலையைக் கட்டுப்படுத்தும் என்று காட்டியது அதன் சிறப்பு. எனினும் அடுக்கெண்ணைப் பிற சான்றுகளிலிருந்தே பெறவேண்டியுள்ளது.

களச்சான்று

புவிப்பரப்பில் செய்யப்படும் மேக்னட்டோடெல்லூரிக் அளவீடு, கடத்தும் அடுக்கின் தடிமன், கடத்துதிறன் ஆகியவற்றின் பெருக்கற்பலனையே நம்பகமாகத் தருகிறது. 10 கிலோமீட்டர் தடிமனும் 0.1 கடத்துதிறனும் கொண்ட அடுக்கையும், 20 கிலோமீட்டரும் 0.05உம் கொண்ட அடுக்கையும் அது எளிதில் பிரித்தறியாது. இரண்டும் 1,000 சீமென்ஸே.

ஜெர்மனியின் பவேரியாவில் 1994இல் 9,101 மீட்டர் ஆழத்தில் நிறைவுற்ற கேடிபி ஆழ்துளையில், பிளவு வலயங்களில் கிராஃபைட்டும் கூடவே உவர்நீரும் கிடைத்தன. 'இதுவா, அதுவா' என்னும் வினாவே குறையுடையது என்பதை இது உணர்த்துகிறது. ஆயினும் அத்துளை கீழ் மேலோட்டை எட்டவில்லை.

முடிவுரை

மாதிரி தரும் கடத்துதிறன், பாறையின் உட்பொருளைத் தானே அறிவிப்பதில்லை. ஒற்றை அடுக்கெண்ணுக்கு மாற்றாக, அதன் ஏற்புடைய நெடுக்கத்தையும் அதனால் நீரின் அளவு மாறும் வீச்சையும் ஆய்வுகள் தரவேண்டும். நில அதிர்வலை வேகம் போன்ற தனிச்சான்றுகளுடன் ஒப்பிட்ட பின்னரே நீரென்றோ கிராஃபைட்டென்றோ பெயரிடுவது தகும்.