கூடுதலாக ஒரு தப்படி

வேலியோரம் நின்று குதிரைகள் தடை தாண்டும் போட்டி பார்க்கிறவர்கள் எதில் முட்டிக்கொண்டாலும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். இரண்டு தடைகளுக்கு நடுவே ஐந்து தப்படியில் கடக்க வேண்டிய தூரத்தை ஒருவர் ஆறாகப் போட்டுவிட்டால் உச்சுக்கொட்டுவார்கள். ‘பயந்துட்டாங்க’ என்பார் ஒருவர். ‘பிடிச்சு இழுத்துட்டாங்க’ என்பார் இன்னொருவர். கடைசியில் பெருந்தன்மையோடு ஒரு குரல் வரும்: ‘அமெச்சூர்தானே, விடுங்க!’

இந்தக் கோடையில் இங்கிலாந்தின் மாவட்டக் கண்காட்சித் திடல்களில் இந்த உச்சுக்கொட்டலை மூட்டை மூட்டையாக வாங்கிப்போனார் ஒரு பெண். பெயர் வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம், விடியும் முன் லாயம், சனிக்கிழமை திடல் என்று ஓடுகிற இவரைப் போல ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒருவர் இருக்கிறார். கையில் இருப்பது ஒரே குதிரை. ஐரிஷ் டிராஃப்ட், தரோபிரெட் இரண்டும் கலந்தது. செம்பழுப்பு நிறம், அகன்ற மார்பு. காலையில் அது, குதிரையின் அமைப்பையும் நடையையும் நடுவர் மதிப்பிடும் ஷோயிங் போட்டியில், நடுத்தர எடை ஹண்டர் வகுப்பில் நிற்கும். மதியம் நியூகமர்ஸ் வகுப்பில் 1.10 மீட்டர் தடைகளைத் தாண்டும். தடை தாண்டுகிற கூட்டத்துக்கு இவர் அழகுப் போட்டிக்காரி. ஷோயிங் கூட்டமோ, நல்ல குதிரையைக் கம்புகளுக்கு நடுவே விட்டுக் கெடுக்கிறார் என்று முனகுகிறது. இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவர் மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாய்வு இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம்.

கேன்டரில், அதாவது மிதமான பாய்ச்சலில், போகும் குதிரைக்குத் தப்படி ஒன்றுக்கு 12 அடி என்று வைத்துத்தான் தடப்பாதை வடிவமைப்பாளர் அளக்கிறார். தரையிறங்க ஆறடி, எழும்ப ஆறடி. 72 அடி இடைவெளி என்றால் ஐந்து தப்படி. சுற்றுக்கு முன் பாதையை நடந்து பார்க்கிற போட்டியாளர்கள் மூன்றடிக் காலடியாக 24 எண்ணி, தலையை ஆட்டி, ‘அஞ்சு’ என்று முணுமுணுத்துப் போவார்கள். நம் ஆள் மட்டும் அங்கே கொஞ்சம் நின்று, இரண்டாவது தடையின் அகலத்தையும் அதற்கு அப்பால் வரும் திருப்பத்தையும் திரும்பிப் பார்ப்பார். அவருடைய முடிவு அப்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. நடுவிலுள்ள 60 அடியை ஆறாகப் பிரித்தால் தப்படி 10 அடி. தாளம் மாறவில்லை, நீளம்தான் இரண்டடி சுருங்கியது. மலைப்பாதையில் சரக்கு லாரி ஓட்டுநர் கியரைக் குறைப்பதைப் பார்த்து யாரும் அவர் பயந்துவிட்டார் என்று சொல்வதில்லை.

இதற்கு என்ன விலை? நிமிடத்துக்கு 350 மீட்டர் வேகத்தில் ஒரு தப்படிக்கு ஆகும் நேரம் அரை நொடிக்குச் சற்று மேல். அவ்வளவுதான் இழப்பு. வாங்கிக்கொண்டு வருவது என்ன என்று பாருங்கள். சுருங்கிய தப்படியில் வரும் குதிரையின் பின்னங்கால்கள் வயிற்றுக்குக் கீழே வந்துவிடுகின்றன. குதிரை முதுகை வளைத்து மேல்நோக்கி எழும்புகிறது, முன்னங்கால்கள் மடிகின்றன. நீண்டு தட்டையாக வரும் குதிரை நிமிர்ந்த ஒற்றைத் தடையில் மேல் கம்பை உரசும். கம்பு கிடப்பதோ ஆழமில்லாத கப்பில். குளம்பு பட்டால் உருண்டுவிடும், நான்கு தண்டப் புள்ளி. மேலும், சுருங்கி வந்த குதிரை தரையிறங்கும்போது கட்டுக்குள் இருப்பதால் அடுத்த திருப்பத்தை உட்புறமாக எடுக்கலாம். அங்கே பத்து மீட்டர் மிச்சமானால் ஒன்றரை நொடிக்கு மேல் கையில் வந்துவிடுகிறது. அரை நொடியைக் கொடுத்து ஒன்றரை நொடியை வாங்குகிறவரை நாம் கோழை என்கிறோம்.

எல்லா ஆறும் ஒரே ஆறு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலியோரக் கூட்டம் குழப்பிக்கொள்வது இங்கேதான். நீண்ட தப்படியில் ஐந்துக்கு என்று கிளம்பி, நான்காவதில் கண் தடுமாறி, தடையின் காலடியில் ஒரு குட்டித் தப்படியைத் திணித்துக் குதிப்பது ஒரு வகை. அது விபத்து. குதிரை திகைக்கிறது, சவாரி செய்கிறவரின் உடல் முன்னே சரிகிறது. சில சமயம் குதிரை நின்றும் விடுகிறது. இந்தப் பெண் செய்வது வேறு. அவரைப் பார்க்க வேண்டிய இடம் இரண்டாவது தடை இல்லை, முதல் தடையிலிருந்து இறங்கிய கணம். குதிரையின் முன்னங்கால் மணலைத் தொடும்போதே அவருடைய தோள் நிமிர்ந்திருக்கும். கடிவாளத்தை இழுக்க மாட்டார். இருக்கையை ஆழமாக்கி, கால் அணைப்பை விடாமல் வைத்திருப்பார். முதல் இரண்டு தப்படியிலேயே சுருக்கம் முடிந்துவிடும். பிறகு நான்கும் ஒரே அளவு, ஒரே ஓசை. குதிரையின் காது முன்னோக்கியே இருக்கும், வாய் திறக்காது. கண்ணை மூடிக்கொண்டு குளம்போசையை மட்டும் கேட்டால் அவர் கூட்டினாரா இல்லையா என்றே தெரியாது. கடைசித் தப்படியில் குழறுகிற ஓசை விபத்துக்காரர்களுடையது.

இதை எங்கே கற்றார்? எதை அழகுப் போட்டி என்று கேலி செய்கிறோமோ, அங்கேதான்.

ஹண்டர் வகுப்பில் குதிரைகள் வட்டமாக நடந்து, டிராட் போய், கேன்டர் போய், பிறகு நீண்ட பக்கத்தில் காலப் எனும் முழுப் பாய்ச்சல் விடுகின்றன. பார்வையாளர்களுக்குப் பிடித்தது அந்த காலப். அனுபவமுள்ள நடுவர் கவனிப்பது காலப் முடிந்து மூலை வரும் இடத்தை: இழுபறி இல்லாமல் குதிரை சுருங்கித் திரும்புகிறதா? அதன் பிறகு நடுவரே சேணத்தில் ஏறுகிறார். முன்பின் தெரியாத ஒருவர், வேறு எடை, வேறு கை. அவர் லேசாக நிமிர்ந்தால் குதிரை சுருங்க வேண்டும், காலை அணைத்தால் நீள வேண்டும். சொந்தக்காரி வரிசையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. யார் ஏறினாலும் சுருங்கி நீளத் தெரிந்த குதிரைக்கு 72 அடியில் ஐந்து, ஆறு இரண்டுமே வரும். அடக்க முடியாத குதிரையில் வருகிறவருக்கு ஐந்தைத் தவிர வேறு கதியில்லை. அவர் ஐந்து போடுவதைத் துணிச்சல் என்று நாம் பாராட்டுகிறோம்!

வொர்க்கிங் ஹண்டர் வகுப்பு இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் இருக்கிறது. வேட்டைப் புலத்து வேலிகள் போன்ற மரநிறத் தடைகளை முதலில் தாண்ட வேண்டும். பிழையில்லாமல் தாண்டினால் மட்டும் போதாது, தாண்டிய விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. பிறகுதான் சவாரி, உடலமைப்பு எல்லாம். அங்கே கடைசி நேரத்துத் திணிப்பு எல்லாருக்கும் தெரிந்துவிடும். தடை தாண்டும் போட்டியில் கம்பு விழாத வரை அசிங்கமும் பூச்சியமே. அதனால்தான் அங்கே வளர்ந்த கண்களுக்கு நேர்த்தி தெரியாமல் போய்விட்டது என்று நான் அடித்துச் சொல்வேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கடந்த பருவத்தின் ஒரு மதியத்தைக் கவனித்தவர்களுக்கு நினைவிருக்கும். காலையில் சீப்பால் வாரிப் போட்ட சதுரக் கட்டங்கள் குதிரையின் பின்புறத்தில் இன்னும் பாதி அழியாமல் இருந்தன. பிடரிப் பின்னலை அவிழ்த்ததில் மயிர் சுருள் சுருளாக நின்றது. வழுக்காமலிருக்க லாடத்தில் ஸ்டட் முடுக்கி, காலையில் காலுறையில்லாமல் நின்ற குதிரைக்கு இப்போது காலுறைகள் மாட்டி உள்ளே வந்தார். முதல் சுற்றில் மூன்று இடத்தில் கூட்டினார். மூன்றும் திருப்பத்துக்கு முந்தைய இடங்கள். நேர்கோட்டில் நீள வேண்டிய இடத்தில் ஒருமுறைகூடக் கூட்டவில்லை. பயந்தவர் இப்படித் தேர்ந்தெடுத்துப் பயப்பட மாட்டார்.

அமெச்சூருக்கு இந்தக் கணக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பிரிட்டிஷ் நோவிஸ், டிஸ்கவரி, நியூகமர்ஸ், ஃபாக்ஸ்ஹண்டர் வகுப்புகளில் இரண்டாம் சுற்று என்கிற அடுத்த கட்டப் போட்டிக்கு வழியைத் திறப்பது இரட்டைத் தூய சுற்றுகள், அதாவது இரண்டு முறையும் தண்டப் புள்ளியில்லாமல் முடிப்பது. நாடா எந்த நிறம் என்பது அடுத்த பேச்சு. தொழில்முறை வீரருக்கு அன்று லாரியில் இன்னும் நான்கு குதிரைகள் நிற்கும். ஒன்றில் கம்பு விழுந்தால் அடுத்ததில் ஈடுகட்டலாம். அவர் நேரத்தைத் துரத்துவதில் நியாயம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒரே குதிரை என்று வருகிறவர் அவரைப் பார்த்து ஐந்து போடுவது அடுத்தவர் சட்டைப்பையை நம்பிச் சீட்டாடுவதுதான். அவருக்குக் குதிரையின் கால்களும் முக்கியம். அடுத்த வாரம் நடுவர் முன் ஓட்டிக் காட்ட வேண்டிய கால்கள் அவை. வீக்கமோ நொண்டலோ இருந்தால் இரண்டு உலகமும் போச்சு.

இந்தப் பாணிக்கு எல்லை இல்லையா? இருக்கிறது. முன்னும் பின்னுமாகக் கம்புகள் வைத்த அகலமான ஆக்ஸர் தடைக்கு முன் கூட்டினால் குதிரையின் உந்துவிசை வற்றிவிடும். பின் கம்பு போகும். மூன்று தடை கூட்டில் உள்ளே நுழையும்போது சுருங்கியிருந்தால் வெளியே வருவதற்குத் தூரம் எட்டாது. 1.20 மீட்டரில் தொடங்கும் ஃபாக்ஸ்ஹண்டரில் வடிவமைப்பாளர்கள் இதை நன்றாகப் பயன்படுத்துவார்கள். நெருக்கமான திருப்பத்துக்குப் பிறகு உடனே அகலத்தை வைத்து, சுருக்கியவரை மறுபடி நீட்டச் சொல்வார்கள். நம் ஆளுக்குச் சுருக்குவது கைவந்த கலை. சுருங்கிய குதிரையை இரண்டே தப்படியில் நீட்டுவதில் அவர் இன்னும் தயங்குகிறார். வேலியோரக் கூட்டம் திட்ட வேண்டுமென்றால் அங்கே திட்டலாம், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இனி வருவதைச் சொல்கிறேன். புல்திடல்கள் மூடி உள்ளரங்கப் பருவம் தொடங்குகிறது. அரங்கு சிறியது, திருப்பம் சீக்கிரம் வரும். சுவரைப் பார்த்துக் குதிரைகள் தாமாகவே சுருங்கும், இடைவெளிகளையும் கொஞ்சம் குறைத்தே வைப்பார்கள். புல்வெளியில் அகலக் கால் வைத்துப் பெயர் வாங்கிய பலர் நவம்பருக்குள் கம்புகளாகத் தள்ளப்போகிறார்கள். அவர்கள் மணலின் மேல் பழிபோடுவார்கள், விளக்கின் மேல் பழிபோடுவார்கள். இந்தப் பெண் குளிர்காலத்தில் வரிசையாக இரட்டைத் தூய சுற்றுகள் சேர்ப்பார். வசந்தத்துக்குள் நியூகமர்ஸ் இரண்டாம் சுற்றில் இருப்பார். அங்கே முதல் மூன்றில் வர மாட்டார் என்றே நினைக்கிறேன். ஏதாவது ஓர் ஆக்ஸரின் பின் கம்பு அவரைத் தடுக்கும்.

வொர்க்கிங் ஹண்டர்தான் அவருடைய உண்மையான வாய்ப்பு. 1949இல் தொடங்கிய ஹார்ஸ் ஆஃப் தி இயர் ஷோ இப்போது அக்டோபர்தோறும் பர்மிங்காமின் என்.இ.சி.யில் நடக்கிறது. அடுத்த அக்டோபரில் அதன் வொர்க்கிங் ஹண்டர் இறுதிக்கு இவர் தகுதி பெறாவிட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். தடை தாண்டுவதில் கற்ற துல்லியமும் காலையில் கற்ற அடக்கமும் ஒரே வகுப்பில் மதிப்பெண் ஆவது அங்கேதான். வெல்வாரா என்றால், நடுவர் யார் என்பதைப் பொறுத்தது. கனத்த கையுள்ள நடுவர் ஏறினால் குதிரை கோபப்படும் என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது.

இன்னும் இரண்டு பருவத்தில் அமெச்சூர் தடை தாண்டுபவர்கள் பலர் சத்தமில்லாமல் ஷோயிங் வகுப்புகளில் பெயர் கொடுப்பார்கள் என்பது என்னுடைய பெரிய பந்தயம். ‘சும்மா குதிரைக்கு ஒரு மாறுதல்’ என்று காரணம் சொல்வார்கள். வீட்டுத் திடலில் 72 அடிக்கு இரண்டு கம்புகளைத் தரையில் போட்டு ஐந்து, ஆறு, ஏழு என்று மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருப்பார்கள். பயிற்சியாளர்கள் இதைத் தங்கள் கண்டுபிடிப்பாக விற்பார்கள், கட்டணமும் கூட்டுவார்கள். நம் ஆள் அதற்குள் ஃபாக்ஸ்ஹண்டரில் நீட்டக் கற்றுக்கொண்டிருந்தால், வேலியோரம் இன்று உச்சுக்கொட்டுகிறவர்களில் பாதிப் பேர் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பார்கள்.