போவதா, இருப்பதா? ஊவாத் தோட்டத்துப் பந்துவீச்சாளரின் கணக்கு

2012 ஆகஸ்ட் 31ஆம் திகதி கொழும்பு கெத்தாராம மைதானத்தில் நாகெனஹிர நாகாஸ் அணியைத் தோற்கடித்து இலங்கை பிரிமியர் லீக் கிண்ணத்தைத் தூக்கிய அணியின் பெயர் ஊவா நெக்ஸ்ட். அந்தத் தொடரின் ஆட்டங்கள் அத்தனையும் கெத்தாராமவிலும் பல்லேகலையிலும் நடந்தன. சம்பியன் அணி தன் பெயரில் உள்ள மாகாணத்தில் ஒரு பந்துகூட வீசவில்லை. தொடரும் அந்த ஒரு வருடத்தோடு முடிந்தது. 2020இல் லங்கா பிரிமியர் லீக் தொடங்கியபோது கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், தம்புள்ளை என்று ஐந்து அணிகள் வந்தன. ஊவாவுக்குப் பெயரளவில்கூட இடம் கிடைக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் போவதா, இருப்பதா என்ற பழைய கேள்வியைப் பார்க்க வேண்டும். பசறைப் பக்கமோ லுணுகலைப் பக்கமோ ஓ.எல். எழுதி முடித்த பையன் ஒருவன் வேகமாகப் பந்து வீசுகிறான் என்று வையுங்கள். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, “தம்பிய எங்ககிட்ட விடுங்க, நாங்க பாத்துக்கிறோம்” என்கிறார். அதிபர், “ஏ.எல். முடிக்கட்டும்” என்கிறார். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் பேச்சு முழுக்க வயதையும் சான்றிதழையுமே சுற்றி வரும். என் கணக்கு வேறு இடத்தில் தொடங்குகிறது. இருக்கிற இடத்தில் அவனுக்கு வருடத்துக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கும், போகிற இடத்தில் எத்தனை?

அமெரிக்கர்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் இதே கேள்விக்கு மல்லுக்கட்டுகிறார்கள். அவர்களுடைய காற்பந்தில் அணியை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். உயர்பாடசாலை முடிந்து மூன்று வருடம் ஆகாத எவரையும் தொழில்முறை அணிகள் தெரிவு செய்ய முடியாது. மோரிஸ் கிளாரெட் என்பவர் 2004இல் நீதிமன்றம் வரை போராடியும் கடைசியில் தோற்றார். மூன்றாம் வருடம் முடிந்ததும் கிளம்புவதா, இன்னொரு வருடம் பல்கலைக்கழகத்துக்கே ஆடுவதா என்பதுதான் அங்கே சர்ச்சை. ஸ்டான்ஃபோர்டின் அண்ட்ரூ லக் 2011இல் கிளம்பியிருக்கலாம். இருந்தார், 2012இல் முதல் ஆளாகத் தெரிவானார். தென் கலிபோர்னியாவின் மெட் பார்க்லியும் இருந்தார். தோளில் அடிபட்டு, 2013இல் நான்காம் சுற்றுக்குச் சரிந்தார். ஃபுளோரிடாவின் அந்தனி ரிச்சர்ட்சன் 13 ஆட்டங்களில் மட்டுமே முதல் ஆளாக இறங்கிய அனுபவத்தோடு 2023இல் நான்காவதாகத் தெரிவானார். அடுத்த பருவத்திலேயே அவரை வெளியே உட்கார வைத்தார்கள். டெக்சஸின் குவின் யூவர்ஸ் வாய்ப்பு மீதமிருக்கும்போதே கிளம்பி, 2025இல் கடைசிச் சுற்றில் 231ஆவது ஆளாகத்தான் போனார்.

பில் பார்செல்ஸ் என்ற பழைய பயிற்றுவிப்பாளர் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருந்தார். குவார்ட்டர்பேக் கடைசி வருடம் வரை இருந்தவனாக, பட்டம் பெற்றவனாக, மூன்று வருடம் முதல் ஆளாக இறங்கியவனாக, 23 வெற்றிகள் கண்டவனாக இருக்க வேண்டும். முரட்டு மனிதரின் முரட்டுக் கணக்கு. ஆனாலும் அவர் எண்ணியது ஆட்டங்களை. அதில் எனக்கு உடன்பாடு.

இங்கேதான் அவர்களுக்கும் நமக்கும் வழி பிரிகிறது. அங்கே பல்கலைக்கழகத்தில் இருப்பதென்றால் எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடுவது. 2021க்குப் பிறகு பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம். இருப்பதே ஒரு வளர்ச்சி. ஊவாத் தோட்டப் பாடசாலையில் இருப்பது அப்படியா?

நம் தோட்டங்களில் கிரிக்கெட் இல்லாமல் இல்லை. தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் மைதானம் நிறையும். ஆனால் அது மென்பந்து. ஐந்து ஓவர், ஆறு ஓவர் ஆட்டம். யோர்க்கர் போட்டால் போதும். கடினப்பந்து வேறு விளையாட்டு. தளம் வேண்டும், பாய் விரிக்க வேண்டும், கால்காப்பு, தலைக்கவசம் வேண்டும். தோட்டத்து நாட்கூலி 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது. நிறுத்த கொழுந்து கணக்குக்கு வராத நாளில் அரைப்பேர், அதாவது பாதிக் கூலிதான். நல்ல மட்டை ஒன்று ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். பந்துவீச்சாளர்களுக்கு மட்டை வேண்டாமே என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பையன்களைப் பந்துவீச விடுகிறார்கள் என்று நான் சில சமயம் நினைப்பதுண்டு.

மென்பந்தில் வளர்ந்தவன் மேலே வர முடியாது என்பதல்ல. ரத்கமவில் மென்பந்தோடு வளர்ந்த லசித் மாலிங்கவை காலியில் சம்பக்க ராமநாயக்க கண்டெடுத்தார். மாலிங்க வித்யாலோக கல்லூரியிலிருந்து மஹிந்த கல்லூரிக்கு மாறினார், காலி கிரிக்கெட் கழகத்துக்கு வந்தார், 2004 ஜூலையில் டார்வினில் முதல் டெஸ்ட் ஆடி ஆறு விக்கெட்டுகள் எடுத்தார். மாலிங்கவைப் போலவே சாய்ந்த கையோடு வந்த மதீஷ பத்திரன ரணபிம ரோயலிலிருந்து கண்டி திரித்துவக் கல்லூரிக்கு மாறியவர். 2022 மே மாதம், 19 வயதில், சென்னை சுப்பர் கிங்ஸுக்காக வீசிய முதல் பந்திலேயே சுப்மன் கில்லை ஆட்டமிழக்கச் செய்தார். இருவருமே கடினப்பந்து அதிகம் ஆடும் இடத்தைத் தேடிப் பாடசாலை மாறியவர்கள். பத்திரனவிடம் முதல்தர அனுபவம் மிகக் குறைவு. என் கணக்கை உடைக்கும் ஆள் என்றே அவரைச் சொல்லலாம். நான்கு ஓவர் வீசும் விசித்திரக் கைக்கு அது செல்லும். நேராக வீசும் பையனுக்கு அந்த உதாரணத்தைக் காட்டி ஆசை மூட்டுவது தப்பு.

முத்தையா முரளிதரன் மறுமுனை. அவருடைய தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். தகப்பனார் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். இந்த இரண்டாவது தகவலை நம் ஆட்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் 14 வயதில், பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ சொல்லி, மிதவேகத்தை விட்டுச் சுழலுக்கு மாறினார். பாடசாலையின் கடைசி இரு பருவங்களில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்து, 1990/91 பருவத்தின் சிறந்த பாடசாலை வீரரானார். அதற்குப் பிறகுதான் தமிழ் யூனியன். 1991இல் இலங்கை ஏ அணியோடு இங்கிலாந்து போய் ஐந்து ஆட்டங்களில் ஒரு விக்கெட்டும் இல்லாமல் திரும்பியவர், 1992 ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அந்த வெறுங்கைச் சுற்றுப்பயணத்தைத் தாங்கும் தெம்பு பாடசாலையில் வீசிய ஆயிரக்கணக்கான பந்துகளில் வந்தது என்பது என் ஊகம். அவர் கடைசி வரை இருந்தது சரி. அங்கே ஆட்டம் இருந்தது. அர்ஜுன ரணதுங்க இன்னும் ஒரு படி மேல். 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்டில் 18 வயதில் 54 ஓட்டங்கள் எடுத்தபோது அவர் ஆனந்தா கல்லூரி மாணவர். கொழும்பில் படித்தால் இருப்பதும் போவதும் ஒன்றாகவே நடந்துவிடும். ஆனால் பதுளையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு 290 கிலோமீற்றர் ரயில் பயணம். இரவு மெயிலில் தூங்காமல் போய், காலையில் தெரிவாளர் முன் ஆறு பந்து வீசி, அன்றைக்கே திரும்பும் பையனை யாரும் சரியாக எடைபோட்டுவிட முடியாது.

ஆகவே என் பதில் இது: ஊவாத் தோட்டத்துக் கடினப்பந்துக்காரன் சீக்கிரம் கிளம்ப வேண்டும், ஏ.எல். முடியும் வரை காத்திருக்கக் கூடாது. ஆனால் கிளம்புவது இன்னொரு பாடசாலைக்கு, கழகத்துக்கல்ல. அதுவும் ஓ.எல். முடிந்த கையோடு. அதற்கு முன் எவர் வந்து கூப்பிட்டாலும் வேண்டாம்.

மாகாணத்துக்குள்ளேயே மாறலாமே என்பார்கள். பதுளை தர்மதூதவிலும் குருத்தலாவையிலும் பண்டாரவளையிலும் கடினப்பந்து அணிகள் உண்டு. ஆனால் மொழிமூலத்தை யாரும் யோசிப்பதில்லை. தமிழில் ஓ.எல். எழுதியவன் சிங்கள மூலப் பாடசாலைக்குப் போனால் பந்து வீசலாம், வகுப்பில் என்ன செய்வான்? அங்கே ஏ.எல். என்பது வெறும் பெயர்ப்பதிவாகிவிடும். கண்டி திரித்துவம்போலத் தமிழ்மூல வகுப்பும் கடினப்பந்து அணியும் ஒரே வளவில் உள்ள இடம்தான் பொருத்தம். அப்படிப்பட்ட இடங்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. யாழ்ப்பாணத்துப் பையனுக்கு இது சொந்த ஊரிலேயே அமைந்தது: யாழ் மத்திய கல்லூரியில் ஆடிய விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் ஜஃப்னா ஸ்டாலியன்ஸுக்காக இறங்கினார், முதல் விக்கெட்டே அஞ்சலோ மெத்தியூஸ். 2024 மே மாதம் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியில். பதுளைத் தமிழ்ப் பையனுக்கு ஊரில் அப்படியொரு படிக்கட்டு இல்லை.

ஏ.எல். ஏன் அவ்வளவு முக்கியம்? பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுத் திறமைக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு, அதற்கும் ஏ.எல். குறைந்தபட்சத் தகுதி வேண்டும்.  அந்தக் கதவும் இந்தப் பரீட்சைக்குப் பின்னால்தான். ஏ.எல். மூன்று முறை எழுதலாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் எழுதலாம். காயப்பட்ட வருடத்தில் படித்து எழுதிவிடலாம். முழங்கால் போன பிறகு கழகத்தில் எவரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

ஓட்டக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நெடுந்தூரம் ஓடுகிறவனுக்கு எதிரணி தேவையில்லை, மேடு போதும். பண்டாரவளையும் தியத்தலாவையும் 1,200 மீற்றருக்கு மேலே, ஹப்புத்தளை 1,400க்கு மேலே. தியத்தலாவையில் தரைப்படையின் இராணுவக் கல்விக்கழகமே இருக்கிறது. மலையகத்திலிருந்து தரைப்படைக்குப் போய்த் தேசிய மட்டத்தில் 10,000 மீற்றர் ஓடிய குமார் சண்முகேஸ்வரனை எல்லோருக்கும் தெரியும். படையணிகளில் மாதச் சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, ஓய்வூதியம் உண்டு. லயத்து வீட்டுக்கு அது சிறிய விஷயமல்ல. ஓட்டக்காரன் பாடசாலையிலேயே இருந்து ஏ.எல். எழுதிவிட்டு, பத்தொன்பதில் போனாலும் காலம் கடந்துவிடாது. நெடுந்தூரத்தில் உச்சம் இருபதுகளின் நடுவிலும் பிந்தியும்தான் வரும்.

பந்துவீச்சாளனுக்கு அந்த நேரம் இல்லை. அதனால், “விடுங்க, நாங்க பாத்துக்கிறோம்” என்று வருகிறவரிடம் வீட்டார் மூன்று விஷயம் எழுத்தில் கேட்க வேண்டும். முதல் பருவத்தில் எத்தனை ஆட்டத்துக்கு அணியில் எடுப்பீர்கள்? தமிழ்மூல வகுப்பு எங்கே, விடுதிச் செலவு யார்? காயப்பட்டால் வைத்தியமும் படிப்பும் எதுவரை? முதல் கேள்விக்கு ஆள் மழுப்பினால், மற்ற இரண்டுக்கும் எவ்வளவு இனிப்பாகப் பதில் வந்தாலும் பையனை அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். அடுத்த சித்திரைக்குத் தோட்டத்து மைதானத்தில் மென்பந்தே வீசட்டும், அடுத்தவர் வருவார்.