12 மணி 17 நிமிஷம், நிழலைக் காணோம்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இதை நிதானமாகச் சொல்ல வராது. போன ஏப்ரலிலிருந்து கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் நான் வாயைத் திறந்தாலே ‘ஆரம்பிச்சுட்டாரு’ என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள். போகட்டும், நீங்களாவது கேளுங்கள்.

மதுரைக்குப் பக்கத்தில் ஓர் அரசு தொடக்கப் பள்ளி. என் அக்கா அங்கே தலைமையாசிரியை. பாடமெல்லாம் முடிந்து, பரீட்சையும் ஏறக்குறைய முடிந்து, கோடை விடுமுறை விடுவதற்கு முன்னால் கொஞ்ச நாள் தொங்கிக்கொண்டிருக்கும் பாருங்கள், நம் காலத்தில் மைதானத்தில் கல் பொறுக்கவிட்டே தீர்த்த நாட்கள், அந்த நாட்களைத்தான் அக்கா பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டாள். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து ‘ஸ்டீம்’ என்று பேர் வைத்து, பெரிய பள்ளிக்கூடங்களில் அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அதேதான். அக்காவின் பெட்டியில் இருந்தது ஈர்க்குச்சி, களிமண், மஞ்சள் தூள், சோப்பு, ஜூஸ் கடை ஸ்ட்ரா. “ஒத்தாசைக்கு வாடா” என்றாள். ஒத்தாசையா செய்தேன்? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து களிமண்ணுக்குச் சண்டை போட்டேன்.

ஈர்க்குச்சியை ஒடித்து, களிமண் உருண்டையில் செருகிச் செருகிக் கோபுரம் கட்ட வேண்டும், அவ்வளவுதான் விதி. எல்லோரும் சதுரம் சதுரமாக அடுக்கினோம். மூன்றாவது மாடி வந்ததும் எல்லாருடைய கோபுரமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாகப் படுத்துக்கொண்டது. ஒரு குட்டிப் பெண் மட்டும் யாரிடமும் கேட்காமல் சதுரத்துக்குக் குறுக்கே, மூலைக்கு மூலை ஒரு குச்சியைச் செருகினாள். ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. இன்னொன்றுக்கும் குறுக்கே ஒன்று. அதுவும் ஆடவில்லை! எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது, ஐயா. சதுரம் நெளியும், முக்கோணம் நெளியாது. பாம்பன் பாலத்தின் இரும்புச் சட்டங்களும் செல்போன் கோபுரமும் நிற்பது இந்த ஒரே நியாயத்தில்தான். அதை ஒருத்தி விளக்குமாற்றுக் குச்சியில் கண்டுபிடித்துவிட்டு, அலட்டிக்கொள்ளாமல் ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சிப் புத்தகத்தைத் தூக்கிக் கோபுரத்தின் தலையில் வைத்தாள். தாங்கியது. இரண்டாவது புத்தகத்தையும் வைத்தாள். நான் கைதட்டிய தட்டில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

மஞ்சள் காகிதத்தைச் சொல்லாமல் விட முடியுமா? மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் பூசி வெயிலில் காய வைத்தார்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் தீக்குச்சியைத் தொட்டு அதன்மேல் வரைய வேண்டும். கற்பனை செய்து பாருங்கள், கையில் இருப்பது நிறமே இல்லாத தண்ணீர், தாளில் விழுவதோ ரத்தச் சிவப்புக் கோடு! மயில் வருகிறது, யானை வருகிறது, ஒருவன் தன் அம்மாவையே வரைகிறான். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் அந்த இடம் திரும்பவும் மஞ்சள். “வீட்ல ஆரத்தி சுத்துவாங்கள்ல, மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டதும் செவக்குமே, அதான சார் இது?” என்று ஒருவன் கேட்டான். அதேதான், சாமி! காரம் பட்டால் சிவப்பு, புளிப்பு பட்டால் மஞ்சள். ஐந்தாம் வகுப்புப் பையன் இதை நாக்கு நுனியில் வைத்திருக்கிறான், நான் கல்லூரி முடித்தும் ஆரத்தித் தட்டை ஒரு நாள் யோசித்துப் பார்த்ததில்லை. கை எல்லாம் மஞ்சள், சட்டை எல்லாம் மஞ்சள். அம்மாக்கள் திட்டியிருப்பார்கள்தான், திட்டட்டும்.

ஸ்ட்ராவின் ஒரு முனையை நசுக்கி, இரண்டு ஓரத்தையும் கூராக வெட்டி, உதட்டுக்குள் வைத்து ஊதினால் பீ என்று அலறும். ஊத ஊதவே மறுமுனையைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே வந்தால் சுருதி ஏறிக்கொண்டே போகும். நாயனத்தின் சீவாளியில் நடப்பதும் இதுதான்: இரண்டு நாக்குகள் படபடத்துக் காற்றை அதிர வைக்கின்றன. இப்படிக் காசில்லாத பொம்மைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்தவர், 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர், குப்பையிலிருந்து பொம்மை செய்தவர். அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடம் முழுக்க ஒரே பீப்பீ. காது வலித்தது உண்மை. ஆனால் ஒரு பையன் நான்கு நீளத்தில் நான்கு ஸ்ட்ரா வெட்டி, மாற்றி மாற்றி ஊதி ஒரு மெட்டை வாசித்தான் பாருங்கள், காது வலியாவது ஒன்றாவது!

இதெல்லாம் முன்கதை. நான் சொல்ல வந்தது ஏப்ரல் 16.

சித்திரை பிறந்த சூடு ஆறவில்லை. பதினொன்றரைக்கெல்லாம் பிள்ளைகள் மைதானத்தில் எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்து, பசை பாட்டிலை நிறுத்தி, ஒரு துண்டு பிவிசி குழாயை நட்டு, நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே இருக்கிறார்கள். நிழல் சுருங்குகிறது. சூரியனை அண்ணாந்து பார்க்கவே கூடாது, கீழே மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று அக்கா கத்திக்கொண்டே இருக்கிறாள். பன்னிரண்டு மணி ஆயிற்று. நிழல் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. “உச்சி வந்தாச்சே, ஏன் சார் போகல?” நம் கடிகாரம் காட்டுவது மதுரையின் நேரமல்ல, வடக்கே மிர்சாபூர்ப் பக்கமாகப் போகிற 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். மதுரை அதற்கு ஏறக்குறைய நாலரைப் பாகை மேற்கே இருக்கிறது, பாகைக்கு நாலு நிமிஷம் என்று கணக்குப் போடு என்றதும் ஐந்தாம் வகுப்பு முழுக்கத் தரையில் குந்திச் சாக்பீஸால் பெருக்கியது. பதினெட்டு நிமிஷம் என்று விடை வந்தது. எல்லாருடைய கண்ணும் என் கைக்கடிகாரத்தில். 12:14, 12:15, ஒருவரும் மூச்சு விடவில்லை, எனக்கோ பரீட்சை முடிவுக்குக் காத்திருந்தபோதுகூட இப்படி நெஞ்சு அடித்ததில்லை, 12:16, டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு நூல் அளவு கறுப்பு, 12:17, அந்த நூலும் போயிற்று! டம்ளர் நிற்கிறது, நிழல் இல்லை! பசை பாட்டில் நிற்கிறது, நிழல் இல்லை! குழாயின் நிழல் அதன் அடியிலேயே வெறும் வளையமாக ஒடுங்கி, உள்ளே தரையில் வெயில் வட்டமாக விழுகிறது! “ஏய், என் நிழலக் காணோம்டா!” என்று ஒருவன் அலற, எல்லாம் தன் காலைச் சுற்றித் தேட, நிழல் காலடிக்குள் பதுங்கியிருக்கிறது, குதித்தால்தான் தெரிகிறது, உடனே மைதானமே குதிக்க ஆரம்பித்துவிட்டது, ஒன்றாம் வகுப்பு குதிக்கிறது, சத்துணவு சமைக்கிற அக்கா கரண்டியோடு வந்து குதிக்கிறார், தலைமையாசிரியை குதிக்கிறாள், நாற்பத்தைந்து வயதில் மூட்டு வலிக்காரன் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கிறேன், தொண்டை கட்டக் கத்துகிறேன், கண்ணில் தண்ணீர் வருகிறது, வெயிலால் என்று சமாளித்தேன், பொய், வெயிலால் இல்லை!

யோசித்துப் பாருங்கள், இது டில்லிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவே கிடைக்காது. சூரியன் நேர் உச்சிக்கு வருவது கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில்தான், டில்லி அதற்கு வெளியே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கோ வருஷத்துக்கு இரண்டு முறை, அதிலும் முதல் முறை சரியாகப் பள்ளிக்கூடம் முடிகிற ஏப்ரலில்! இன்னொன்று கேளுங்கள். அன்றைக்கு அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரை மதுரையில் உச்சி வேளை நிழல் தெற்குப் பக்கம் விழும். இத்தனை வருஷம் அந்த ஊர் வெயிலில் நடந்த எனக்கு இது தெரியாது.

ஆகவே ஆசிரியர்களே, பெற்றோர்களே, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தக் கடைசி நாட்களைக் கல் பொறுக்கி வீணாக்காதீர்கள். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கில், மதுரைக்கு 16, திருச்சிக்கு 18, சென்னைக்கு 24 வாக்கில் என்று நாட்காட்டியில் இப்போதே வட்டம் போடுங்கள். ஒரு டம்ளரும் ஒரு சாக்பீஸும் போதும். மேகம் மறைத்துக் கெடுத்துவிட்டதா? சென்னைக்கு ஆகஸ்ட் 18 வாக்கில், மதுரைக்கு 27 வாக்கில் சூரியன் திரும்பவும் உச்சிக்கு வரும். அப்போது பள்ளிக்கூடம் திறந்துதான் இருக்கும்.