பாடி கட்டு, டியூ கட்டு

மொழிபெயர்ப்பின் கஷ்டம் என்று பேச்செடுத்தால் நம்மில் பலரும் நேராகப் பெயர்ச்சொற்களுக்குத்தான் போவோம். கம்மங்கூழை ஆங்கிலத்தில் என்னவென்று சொல்வது, பங்காளிக்கும் மச்சானுக்கும் பிரெஞ்சில் ஏது சொல் என்கிற மாதிரி. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காடுகரைகளை எழுதிய பெருமாள்முருகனின் நாவல்கள் வெளியுலகம் சுற்றக் கிளம்பியபோதும் இதே வியப்புதான் எழுந்தது. வ. கீதா, அனிருத்தன் வாசுதேவன், என். கல்யாணராமன், ஜனனி கண்ணன் என்று ஆளுக்குச் சில நாவல்களாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். 2023இல் ‘பூக்குழி’ சர்வதேச புக்கரின் நெடும்பட்டியலில் ஏறியது. அதே ஆண்டு ‘ஆளண்டாப் பட்சி’ ஜேசிபி பரிசு வாங்கியது. இத்தனை வட்டாரச் சொற்களை எப்படித்தான் சமாளித்தார்களோ என்று வியந்தவர்கள் மனதில் இருந்ததெல்லாம் செடி கொடி, பண்டம் பாத்திரம், உறவுமுறைப் பெயர்கள். என் கட்சி வேறு. பெயர்ச்சொல்லில் மொழிபெயர்ப்பாளருக்குத் தப்பிக்க வழி இருக்கிறது. அப்படியே எழுத்துப்பெயர்த்து வைத்துவிட்டு, வேண்டுமானால் நூலின் கடைசியில் ஒரு வரி விளக்கம் போட்டுவிடலாம். வினையில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு வாக்கியத்தின் வினையைத் தமிழிலேயே விட்டுவிட்டால் வாக்கியமே நிற்காது. ஒவ்வொரு முறையும் அவர் ஒரு முடிவுக்கு வந்தே ஆகவேண்டும். அதிலும் அகராதியைப் புரட்டவைக்கும் அரிய வினையைவிட, பேசுகிறவருக்கே காதில் விழாத அளவுக்குப் புழங்கித் தேய்ந்த வினைதான் ஆளைச் சோதிக்கும். மொழிபெயர்ப்பை ருசிபார்க்க விரும்புகிறவர் முதலில் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் அது.

சேலம், நாமக்கல் சமவெளியில் அப்படிப்பட்ட ஒரு வினையைத் தேடிப் போகவேண்டியதில்லை. நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளிலேயே கேட்கும். தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சேசிஸும் மட்டுமாக வருகிற வண்டிக்கு நாமக்கல்லில் மரமும் இரும்புமாகப் ‘பாடி கட்டு’கிறார்கள். கட்டி முடித்த வண்டியின் முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டுகிறார்கள். பிறகு லோடு கட்டுவது, லோடின்மேல் தார்ப்பாய் கட்டுவது, சாலை வரி கட்டுவது, மாதம் பிறந்தால் பைனான்ஸுக்கு டியூ கட்டுவது. வாடகை சரியாக அமையாவிட்டால் ‘கட்டுபடி ஆகலீங்க’ என்பது. ஒரு லாரியின் ஆயுள் முழுவதையும் ஒரே வினையை வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம். “வண்டியெடுத்துப் பாடி கட்டியாச்சுங்க, டியூ கட்டத்தான் கட்டுபடி ஆகலீங்க” என்று ஒரு கதாபாத்திரம் பேசுவதாக வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்தில் யாரும் இதைச் சொல்விளையாட்டு என்று நினைக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் பாடிக்கு பில்ட், டியூவுக்கு பே, கடைசியில் உள்ளதற்குத் தனியாக ஒரு சொற்றொடர். இந்தியில் பாடிக்கு பனானா, லோடுக்கும் தார்ப்பாய்க்கும் பாந்த்னா, தவணைக்கு பர்னா, அதாவது நிரப்புதல். எல்லாமே சரியான பெயர்ப்புகள். ஆனால் பேசுகிறவன் மூச்சுவிடாமல் ஒரே கயிற்றில் கோத்த மூன்று காரியங்கள் மூன்று திசையில் போய்விடுகின்றன.

இது வெறும் பல்பொருள் ஒருமொழிதானே, ஒரு சொல்லுக்குப் பத்து அர்த்தம் சேர்ந்துவிட்டது ஒரு தற்செயல் என்று கேட்கலாம். தற்செயல் என்றால் எல்லை இருக்காது. கட்டுக்கோ கறாரான எல்லைகள் இருக்கின்றன. பணத்தை எடுத்துக்கொள்வோம். வரி கட்டலாம், அபராதம் கட்டலாம், பள்ளிக்கூட ஃபீஸ் கட்டலாம், சீட்டுப்பணம் கட்டலாம். டீக்கடையில் யாரும் பணம் கட்டுவதில்லை, கொடுக்கிறார்கள். வேலையாளுக்குச் சம்பளமும் கொடுப்பதுதான். பாக்கியோ கடமையோ முன்பே நம்மைப் பிடித்துவைத்திருக்கும் இடத்தில் மட்டுமே பணம் கட்டப்படுகிறது. கைப்பேசி வந்தபோது இந்த எல்லை தானாகவே அதற்கும் நீண்டது. மாதக் கடைசியில் வரும் பில்லைக் கட்டுகிறோம். முன்கூட்டிப் பணம் செலுத்தும் இணைப்புக்கோ ரீசார்ஜ் போடுகிறோம், பண்ணுகிறோம், கட்டுவதில்லை. யாரும் உட்கார்ந்து விதி வகுக்கவில்லை. உடையிலும் இதே கறார். இளம்பிள்ளையில் சேலையை நெய்கிறார்கள், அதை வாங்கியவர்கள் கட்டுகிறார்கள். வேட்டி, லுங்கி எல்லாம் கட்டுகிற சாதி. தையல்காரரின் கத்தரி பட்டுவிட்டால் அது ‘போடுகிற’ துணியாகிவிடும்: சட்டை போடு, பேண்ட் போடு. செய்தொழில்களைப் பாருங்கள். வீடு, கிணறு, கூடு, லாரிப் பாடி எல்லாம் கட்டப்படுபவை. பானை வனையப்படும், சிலை வார்க்கப்படும். ஒரே மண்ணுருண்டையிலிருந்தோ ஒரே உருக்கிலிருந்தோ எழுகிற பொருளுக்குக் கட்டு ஒட்டாது. தனித்தனியாகக் கிடந்தவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, இனி விலகாது என்று நிற்கவேண்டும். 1934இல் முடிந்த மேட்டூர் அணையில் கயிறு எங்கே இருக்கிறது? கல்லும் காரையும் காவிரியும்தான் இருக்கின்றன. இருந்தும் அதை ஆக்கினார்கள், எழுப்பினார்கள் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. வெள்ளைக்காரன் கட்டினான் என்கிறார்கள்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு பெருமிதம் கிளம்பும்: இப்படியொரு வினை உலகத்தில் வேறெங்கே உண்டு? நிறையவே உண்டு. கட்டு என்ற இதே வினை தெலுங்கிலும் கன்னடத்திலும் வீட்டுக்கும் ஆகும், வரிக்கும் ஆகும், உடுப்புக்கும் ஆகும். மலையாளத்தில் கெட்டு. சேலத்துத் தறிக்காரத் தெருக்களில் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர் கதவைத் திறந்து வெளியே வந்து தமிழுக்கு மாறும்போது இந்த ஒரு வினையை மாற்றிக்கொள்ளத் தேவையே இல்லை. இனம் வேறான மொழிகளிலும் இது கிடைக்கிறது. மராத்தியில் பாந்த்ணே, குஜராத்தியில் பாந்த்வும். இரண்டும் கயிறு கட்டவும் ஆகும், வீடு கட்டவும் ஆகும். சிங்களத்தில் பந்தினவா: மாட்டைக் கட்டலாம், குளம் கட்டலாம், கல்யாணமும் கட்டலாம். வடமொழியில் கடலுக்குக் குறுக்கே போட்ட பாலம் சேதுபந்தம், அதாவது கட்டப்பட்ட அணை. பாரசீகத்தில் பஸ்தன் என்ற வினை அணைக்கும் மூட்டைக்கும் கதவடைப்பதற்கும் வரும். கதவடைப்பதைப் பார்க்கும்போது நம்முடைய ‘கடையைக் கட்டு’ ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. அதே பஸ்தனில் தண்ணீர் உறைவது ‘பனி கட்டுதல்’. சீனத்தில் ஜியே என்ற வினை முடிச்சுப் போடுவது. அதிலிருந்து கல்யாணம், காய் பிடித்தல், நீர் உறைதல், உணவகத்தில் பில் தொகையைத் தீர்ப்பது வரைக்கும் சொற்கள் கிளைக்கின்றன. ஆக, பணம் கட்டுவதுகூட நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஜப்பானிய முசுபுவில் ஒப்பந்தம் ‘கட்டலாம்’, அங்கே சோற்றுருண்டைக்கு ஒமுசுபி என்று பெயர். நம் கட்டுச்சோற்றின் தூரத்து உறவு என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். இந்தியில் கட்டுரையை நிபந்த் என்கிறார்கள், அதற்குள்ளும் அதே பந்தம்தான். தமிழில் அது கட்டிய உரை. ஆகவே மொழிபெயர்க்கவே முடியாத சொல் என்ற பேச்சு எடுபடாது. ஒவ்வொரு மொழியும் இந்த வினையை வேறுவேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். மராத்தி வீட்டோடு நின்றது, பாரசீகம் பனிக்கட்டி வரை போனது. நாமும் கன்னடமும் தெலுங்கும் வரிகட்டும் வரிசையில் போய் நின்றோம். மொழிபெயர்ப்பாளர் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த எல்லைக் கற்கள் எங்கெங்கே நடப்பட்டிருக்கின்றன என்பதை.

இதற்கு நேரெதிராக, பயணம் போன சொற்களைப் பாருங்கள். கட்டு ஆங்கிலத்துக்குப் போகாமல் இல்லை, இரண்டு முறை போயிருக்கிறது. சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரத்தை வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தன் பயணநூலில் எழுதிவைத்தார். இன்றைக்கு கேட்டமரான் என்றால் உலகம் முழுவதும் இரட்டை உடல் கொண்ட படகு. அதில் மரமும் இல்லை, கட்டும் இல்லை. அணைக்கட்டு, கம்பெனி காலத்துப் பொறியாளர்கள் வாயில் அனிகட் ஆனது. கல்லணையை கிராண்ட் அனிகட் என்றே எழுதினார்கள். இரண்டிலும் வினை பெயராக மாறிய பிறகுதான் கப்பலேற முடிந்தது. இந்தியின் பாந்த்னா பண்டானா என்கிற தலைத்துணியாகப் போனதும், நூலைக் கட்டிச் சாயமேற்றும் மலாய் ‘இக்காட்’ துணியின் பெயராகப் போனதும் இதே வழியில்தான். வந்து சேர்ந்தவற்றிலும் இதைத்தான் பார்க்கிறோம். பாடி, லோடு, டாக்ஸ், டியூ, ஃபீஸ் எல்லாம் அங்கிருந்து வந்த பெயர்கள். அவற்றை ஆளும் வினை நம்முடையது. ஆங்கில வினையையே வேண்டி இழுத்தாலும் அதைப் பெயர்போல உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு ‘பண்ணு’வைத் துணைக்கு நிறுத்துகிறோம். சிங்களக்காரர் கல்யாணத்துக்குப் போர்த்துகீசிய வேர் கொண்ட கசாத என்ற பெயரை எடுத்துக்கொண்டார், அதைக் ‘கட்டுவது’ மட்டும் தன் சொந்த வினையால்தான். மொழிபெயர்ப்பாளர் தனித்துவிடப்படும் இடம் இதனால்தான் வினையாக இருக்கிறது. கடன் வாங்கவோ கொடுக்கவோ இரண்டு மொழியும் தயாராயில்லாத ஒரு சரக்கை அவர் தன் கைச்சமத்தினால் மட்டும் கரைசேர்க்க வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. டியூ கட்டுகிறவன் மனதில் கயிறும் முடிச்சும் இல்லை. அது செத்துப்போன உருவகம். அதன் எதிரொலியைக் காப்பாற்ற மொழிபெயர்ப்பாளர் ஏன் மெனக்கெட வேண்டும்? பாதி ஒப்புக்கொள்கிறேன். ‘வரி கட்டினான்’ என்று தனியாக வரும் இடத்தில் ஆங்கில ‘பே’ போதும், அதற்குமேல் சோடித்தால் அசட்டுத்தனம். இங்கும் ஆங்கிலத்தில் பந்தம், முடிச்சு என்று வரவழைத்து வாக்கியத்தைக் கோணலாக்குகிறவர்கள் உண்டு. சொல்லுக்கு விசுவாசம், ஆளுக்குத் துரோகம். ஆனால் லாரிக்காரர் ஒரே மூச்சில் மூன்று கட்டுகளை அடுக்கும்போது அவருக்குக் கயிறு தெரியாவிட்டாலும் தாளம் தெரியும். கேட்பவருக்கும் தெரியும். சமர்த்தான மொழிபெயர்ப்பாளர் அந்தத் தாளத்தை வேறொரு வினையில் ஏற்றிவிடுவார். ஆங்கிலத்துக்குச் சொந்தமான தேய்ந்த வினை ‘புட்’ இருக்கிறதே: வண்டிக்குமேல் பாடியை ‘புட்’, மாதாமாதம் பைனான்ஸ்காரன் கையில் பணத்தை ‘புட்’, தன் பையில் ‘புட்’ பண்ண ஒன்றும் மிச்சமில்லை. கட்டு ஒன்றுகூடப் பெயர்க்கப்படவில்லை. பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. கட்டாயம் என்கிற தொனி கொஞ்சம் நழுவியிருக்கும். அதை அடுத்த வரியில் எங்காவது ஈடுசெய்துகொள்ளலாம்.

ஈடுசெய்ய முடியாத இடங்களும் இருக்கின்றன. அவை பெரும்பாலும் துணைவினையில் ஒளிந்திருக்கும். கல்யாணப் பேச்சையே எடுங்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள், பையனுக்குக் கட்டிவைத்தார்கள், அவளைக் கட்டிக்கொண்டான். யார் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள், யார் சும்மா நின்றார்கள் என்பதையெல்லாம் கொடு, வை, கொள் என்ற மூன்று சின்னச் சொற்கள் சொல்லிவிடுகின்றன. சாதியும் சொத்தும் கல்யாணத்தைத் தீர்மானிக்கும் ஊர்க்கதையில் கட்டிவைத்ததற்கும் கட்டிக்கொண்டதற்கும் நடுவில் ஒரு கொலைகூட விழலாம். ஆங்கில ‘மேரி’ இரண்டுக்கும் பொதுவாகத் தலையாட்டும். ‘இவனைக் கட்டி மேய்க்க முடியாது’ என்பதில் கட்டுத்தரை மாடு நிற்கிறது. ‘டியூ கட்டி அழுவுறேன்’ என்பதில் இழவு வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழும் ஓலம் இருக்கிறது. பணம் போவதன் சலிப்பைச் சொல்ல அந்த ஓலத்தை இவ்வளவு அலட்சியமாக எடுத்துவைக்கும் நகைச்சுவை இருக்கிறதே, அதற்கு நிகராக வேறு மொழியில் ஏதாவது அகப்பட்டால் அது மொழிபெயர்ப்பாளரின் அதிர்ஷ்டம். இந்த மாதிரி வழக்குகளைக் காதால் பிடித்து வைத்தவர்களுக்கு நாம் பட்ட கடன் கொஞ்சமில்லை. 2000இல் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைக் கொண்டுவந்தபோது ஒரு நாவலாசிரியர் ஏன் அகராதி வேலை செய்கிறார் என்று நினைத்தவர்கள் இருக்கலாம். அவருடைய உரையாடல்களைப் பெயர்க்க உட்காருகிறவருக்கு அந்தக் கேள்வி எழாது.

வினை ஓரிடத்தில் நிற்பதுமில்லை. சுங்கச்சாவடியில் வண்டியை நிறுத்தி டோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயமானதும் அதில் முன்கூட்டியே பணம் போட்டுவைக்கிறார்கள். சாவடியைத் தாண்டும்போது அது தானாகப் போகிறது. சாவடியில் ஓட்டுநரின் கை காசைத் தொடுவதில்லை. கட்ட வேண்டியது அங்கே இல்லாமலாகி, போட வேண்டியதாக வீட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அன்றும் இன்றும் ‘பே’தான். கட்டிய காலத்து ஓட்டுநரும் போடுகிற காலத்து ஓட்டுநரும் சங்ககிரியில் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற ஒரு நாவலை யாராவது எழுதினால், அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர் என்ன செய்கிறார் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.