அம்புக்குறிக்கு வலப்பக்கம்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்துப் பட்டாசுக்காரர்களுக்கு பேரியம் நைட்ரேட் என்றால் பச்சை உப்பு. அள்ளிப் பார்த்தால் வெள்ளைத் தூள், எரிந்தால்தான் பச்சை. பொட்டாசியம் நைட்ரேட் வெடியுப்பு. அதுவும் தனியாக வெடிக்காது. பாடப்புத்தகம் ஒரு பொருளுக்கு அதில் இருப்பதை வைத்துப் பெயர் சொல்கிறது. இவர்கள் அது என்ன ஆகப்போகிறதோ அதை வைத்துக் கூப்பிடுகிறார்கள். வேதிச் சமன்பாட்டை எப்படி ரசிப்பது என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவை இந்த இரண்டு பெயர்கள்தாம்.

பள்ளியில் 'சமன் செய்க' என்பார்கள். இருபுறமும் அணுக்களை எண்ணிப் போட்டு, மதிப்பெண் வாங்கி, மறந்துவிடுவோம். அந்த எண்கள் எதற்கென்று கேட்டதில்லை. கருமருந்தின் எளிய வடிவத்தைப் பாருங்கள்:

2 பொட்டாசியம் நைட்ரேட் + 1 கந்தகம் + 3 கார்பன் → 1 பொட்டாசியம் சல்பைடு + 1 நைட்ரஜன் + 3 கார்பன் டை ஆக்சைடு

எண்களை மூலக்கூறு எடையால் பெருக்கினால் வெடியுப்பு 202, கந்தகம் 32, கரி 36. மொத்தம் 270. நூற்றுக்கு ஏறக்குறைய 75, 12, 13. பழைய கைப்பக்குவமோ வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10! அணு எடை என்ற பேச்சே இல்லாத காலத்தில், கொளுத்திக் கொளுத்திப் பார்த்தே கண்டடைந்த அளவு அது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

வலப்பக்கத்தையும் கூட்டுங்கள்: 110, 28, 132. அதே 270. ஆனால் இடப்பக்கத்தில் எல்லாமே தூள். வலப்பக்கத்தில் 160 பங்கு வாயு. சுருளை இறுக்கி அடைத்தால் அந்த வாயு வெடி, ஒரு முனையைத் திறந்துவிட்டால் ராக்கெட். உண்மையில் கார்பன் மோனாக்சைடு, பொட்டாசியம் கார்பனேட், சல்பேட் எல்லாம் கூடவே வரும். சமன்பாடு தலையாயதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அந்த அடக்கமும் எனக்குப் பிடிக்கும்.

பச்சை உப்பு என்ற பெயரில் ஒரு குறை உண்டு. கம்பி மத்தாப்பில் அதன் பெரிய வேலை நிறம் அல்ல, ஆக்சிஜன் கொடுப்பது. 3 பேரியம் நைட்ரேட்டில் 18 ஆக்சிஜன் அணுக்கள். 10 அலுமினியம் அதில் 15ஐ எடுத்துக்கொள்ள, பேரியத்துக்கு மிஞ்சுவது 3. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது, வெளியில் இருந்தவர்கள் ஒரு நிறம் போயிற்று என்று நினைத்திருக்கலாம். மருந்து கலப்பவருக்குப் போனது ஆக்சிஜன்.

எவ்வளவு வேகம், எந்த உரசலில் பற்றும் என்பதெல்லாம் அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கின்றன. இந்த வட்டாரத்தில் நான் வாசித்தவற்றில் மிகவும் பயமுறுத்தியது ஒரு சின்ன வரி: 2 அலுமினியம் + 6 நீர் → 2 அலுமினியம் ஹைட்ராக்சைடு + 3 ஹைட்ரஜன். அதில் வெடியுப்பு இல்லை, நெருப்பும் இல்லை. ஈரம் பட்ட மருந்து உள்ளுக்குள்ளேயே சூடேறிக்கொண்டிருக்கும். கலந்த மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது.