ஆழ்கடலை எண்ணிய கணக்கு

ஹவாயின் ஓவாஹு தீவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் 'அலோஹா' என்றொரு கடற்புள்ளி இருக்கிறது. அங்கே கடல் ஏறத்தாழ 4,800 மீட்டர் ஆழம். 1988 முதல் ஆய்வுக் கப்பல்கள் மாதம் ஒருமுறை என்ற அளவில் அங்கே போய், குறித்த ஆழத்தில் வாய் மூடிக்கொள்ளும் குடுவைகளை இறக்கி நீரெடுத்து வருகின்றன. அந்த நீரில் ஓராண்டுக்கும் மேலாக எண்ணியெடுத்த கணக்கைக் கார்னர், டிலாங், கார்ல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2001-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். 1,000 மீட்டருக்குக் கீழே, பாக்டீரியாவிலிருந்து வேறான நுண்ணுயிர் வகையாகிய ஆர்க்கியாவின் ஒரே ஒரு பிரிவு பாக்டீரியா அனைத்துக்கும் நிகரான எண்ணிக்கையில் மிதக்கிறது என்றது அந்தக் கணக்கு.

அதன் துணிச்சலை உணர வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஆர்க்கியா என்றாலே கொதிக்கும் ஊற்று, உப்பளம், மாட்டின் இரைப்பை என்று நினைத்திருந்த காலம் உண்டு. குளிர்ந்த, சாதாரணக் கடல்நீரிலும் அவற்றின் மரபணுத் தடயம் கிடைப்பதை 1992-இல் ஃபர்மன் குழுவினரும் டிலாங்கும் தனித்தனியே காட்டினார்கள். தடயம் கிடைத்ததே தவிர, எத்தனை என்று தெரியவில்லை. மரபணுவைப் பலமடங்கு நகலெடுத்துப் பார்க்கும் முறை யார் இருக்கிறார்கள் என்று சொல்லும், தலையெண்ணிச் சொல்லாது.

அலோஹாவில் கையாண்ட முறை தலையை எண்ணியது. குறித்த பிரிவு நுண்ணுயிரின் ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ.வோடு மட்டும் பொருந்தி ஒட்டும் இழையில் ஒளிரும் சாயம் ஏற்றி, செல்லுக்குள் புகவிட்டு, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டத் தேவையில்லை. கடல் நுண்ணுயிரில் பெரும்பகுதி வளர்ப்புக்கு இணங்காதது என்பதால் இது சிறிய வசதியல்ல. ஒரே இடத்தில், ஒரே முறையில், மாதக்கணக்கில் எண்ணியதால் ஒருநாள் தற்செயல் என்று ஒதுக்கவும் முடியாது. அன்று கிரெனார்க்கியா என்று குறித்த அந்தப் பிரிவுக்கு 2008-இல் தௌமார்க்கியா என்ற தனிப்பெயர் முன்மொழியப்பட்டது. பெயர் மாறியும் கணக்கு குலையவில்லை.

ஆனால் அந்தக் கணக்கு பரவிய விதம் எனக்கு உறுத்துகிறது. ஆழம் போகப் போக இந்தப் பிரிவின் பங்கு 39 சதவீதம் வரை ஏறியது. இதைப் படிப்பவர், கீழே போனால் ஆர்க்கியா பெருகுகிறது என்றே எடுத்துக்கொள்வார். பங்கு வேறு, எண்ணிக்கை வேறு. மேல்நீரைவிட ஆழத்தில் நுண்ணுயிரின் மொத்தமே வெகுவாகக் குறைகிறது. பாக்டீரியா வேகமாகக் குறைந்தாலே ஆர்க்கியாவின் பங்கு தானாக உயர்ந்து தெரியும். ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை செல் என்ற எண்ணைப் பக்கத்தில் வைக்காத சதவீதத்தை நான் பாதிச் செய்தியாகவே கொள்கிறேன்.

அடுத்தது விரிவு. அந்த ஒரு புள்ளியை அடிப்படையாகக் கொண்டு உலகக் கடல்களில் 1.3×10²⁸ ஆர்க்கியா செல்கள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அலோஹா சத்துக்குறைந்த, வெதுவெதுப்பான சுழல்நீர்ப் பரப்பு. அண்டார்டிக் கடலுக்கும் அரபிக் கடலின் உயிர்வளி வறண்ட அடுக்குக்கும் அதை அளவுகோலாக்க முடியுமா? மதிப்பீடு என்று சொல்லித்தான் அவர்கள் தந்தார்கள். எடுத்தாளும்போது அந்தச் சொல்தான் முதலில் உதிர்கிறது.

ஒளிராதவை எத்தனை என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஆர்க்கியா, பாக்டீரியா இரண்டையும் கூட்டினாலும் மொத்தச் செல்களில் சராசரியாக 63 முதல் 90 சதவீதம்தான் தேறியது. பட்டினியில் கிடக்கும் செல்லில் ரைபோசோம் குறைவு, ஒளியும் மங்கல். சிலவற்றின் சுவர் இழையை உள்ளே விடாது. 2004-இல் டெய்ரா குழுவினர் நொதியால் ஒளியைப் பெருக்கும் முறையை ஆர்க்கியாவுக்கு ஏற்றபடி திருத்தினார்கள். சுவரைத் துளைக்கும் நொதியை மாற்றியதே அதில் முக்கியமான வேலை. செய்முறையில் ஒரு படி மாறினால் கடலின் கணக்கே மாறும் என்பதை இதைவிடத் தெளிவாக எது காட்டும்? வட அட்லாண்டிக்கின் ஆழத்தில், ஆர்க்கியாவில் அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் மரபணு அருகிப்போவதாக 2008-இல் ஓர் ஆய்வு சொன்னபோதும் இதே சிக்கல்தான் எழுந்தது. மேல்நீர் வகைகளைப் பார்த்து வடித்த, மரபணு நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் இழை ஆழ்நீர் வகைகளில் சரியாக ஒட்டவில்லை என்று பிறகு சுட்டிக்காட்டினார்கள்.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான குறை, எண்ணிக்கைக்குத் தொழில் தெரியாது என்பது. அந்த உயிர் எதைத் தின்கிறது என்பதை ஒளிரும் புள்ளி சொல்லாது. 2000-இல் ஊவர்னியும் ஃபர்மனும் ஆர்க்கியா அமினோ அமிலங்களை உறிஞ்சுவதைக் கண்டார்கள். ஹவாய் அருகே 670 மீட்டர் நீரில் ஆர்க்கியாவின் கொழுப்பிலிருந்த கதிரியக்கக் கார்பனை அளந்த 2006-ஆம் ஆண்டு ஆய்வு, பெரும்பகுதி கரைந்த கரியமில வாயுவைக் கொண்டே உடல் வளர்க்கிறது என்றது. இடையில் 2005-இல் விடையின் முக்கியத் துண்டு வந்தது ஆழ்கடலிலிருந்து அல்ல, சியாட்டிலில் ஒரு மீன் காட்சியகத் தொட்டியிலிருந்து. அங்கே பிரித்தெடுத்து வளர்த்த நைட்ரோசோப்யூமிலஸ் மாரிட்டிமஸ் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கிப் பிழைத்தது. அந்தத் தொட்டி உயிரைக் கடல்களின் நைட்ரஜன் சுழற்சியோடு பொருத்திப் பேச முடிந்தது, அதன் உறவினர்கள் ஆழத்தில் எவ்வளவு திரளாக இருக்கிறார்கள் என்பதை அலோஹாவில் யாரோ செல் செல்லாக எண்ணி வைத்திருந்ததால்தான்.